புகாரில் இரண்டாவது பெண்

ஜனவரி 2, வெள்ளி

அப்பா லோடு அடிக்கும் உரக்கடையில் கொடுத்த ஓசி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம். இன்றைய பக்கத்தில், ‘தண்டுத் துளைப்பானை அடியோடு ஒழிப்போம்!’ நல்ல சகுனம். நானும் ஒன்றை அடியோடு ஒழிக்கப்போகிறேன். என்னவென்று எழுத மாட்டேன். இந்த வீட்டில் அம்மா எல்லாவற்றையும் படிப்பாள், பக்கோடா மடித்துவந்த பேப்பர் உட்பட.

நான் ஜெகதீசன். வயது பத்தொன்பது. பி.காம் இரண்டாம் வருடம். ‘பி காம், பி காம்’ என்று சார்கள் கத்தியும் நான் அமைதியானதில்லை. இன்று ஆசிரியர் அறைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்: ‘இக்கதவு இனி குரலுக்கு மட்டுமே திறக்கும். தெளிவாகத் திற என்று சொல்லவும்.’ வரலாற்று சார் நான்கு தடவை சொன்னார். நான்காவது தடவை கோபமாக. உள்ளே இருந்த மேடம் பயந்துபோய்த் திறந்துவிட்டார். சார் இன்னமும் நம்புகிறார்.

நாள் 1.

ஜனவரி 3, சனி

நாள் 2. சுலபம்தான்.

ஜனவரி 4, ஞாயிறு

நாள் 1. பேச வேண்டாம்.

ஜனவரி 7, புதன்

அம்மா கல்யாணத்துக்குப் பழனி போயிருக்கிறாள். அதனால் எழுதிவிடுகிறேன். இனி டைரி என் கல்லூரிப் பையை விட்டு வெளியே வராது. போனில் ‘அந்த’ வீடியோக்களைப் பார்ப்பதைத்தான் விடப்போகிறேன். கல்லூரி சேர்ந்த வருடம் ஆரம்பித்தது. எல்லாரும் பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன், அவ்வளவுதான். ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒன்றே ஒன்று ஆகியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு முகத்தைப் பார்த்தவுடன் பட்டப்பெயர் பொங்கி வரும். இப்போது வருவதில்லை. புதிதாக ஒருத்தி வகுப்புக்கு வந்தால் முகத்தைப் பார்ப்பதற்குள் கண் வேறெங்கோ போய்விடுகிறது. போய்விட்டு வந்து வெட்கப்படுகிறது. கபடி மைக் பிடிக்கிறவனுக்கு இது தொழில் நஷ்டம்.

நாள் 1. (மூன்றாவது நாள் 1. எண்ணத் தெரியாதவன் இல்லை நான்.)

ஜனவரி 10, சனி

எங்கள் கல்லூரிப் பெண்கள் கபடி அணி மாவட்டப் போட்டியில் அரையிறுதிக்கு வந்துவிட்டது! நான் அந்த அணியின் வாய். ஆட்டத்தின்போது மைக்கில் அவர்களைத் தூக்கிவிடுவதும் எதிரணியைத் தட்டிவிடுவதும் என் வேலை. சம்பளம் ஒரு டீ.

அணியின் கேப்டன் காளீஸ்வரி அக்கா. மூன்றாம் வருடம், என்னைவிட ஒரு வயது மூத்தவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளிகள் பக்கம் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்பியதில்லை. போன வாரம் பயிற்சியில் யாரோ முட்டி, இடது புருவத்தில் மூன்று தையல், அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்திரி.

“என்னடா பாக்குற?”

“அக்கா, புருவத்துல வெள்ளைக்கொடி பறக்குது. சமாதானமா போறீங்களான்னு பாத்தேன்.”

“உன் வாயில ஒரு பிளாஸ்திரி ஒட்டுனா ஊரே சமாதானமாயிரும்.”

இன்று பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்தேன். நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, சிரித்து ஒன்று. ஜெயித்தால் ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டுமே, ஃபிளெக்ஸ் கடைக்காரர் எப்போதும் ‘முகம் தெளிவா வேணும் தம்பி’ என்பார். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, லிங்க்கை என் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டேன். ‘ரசிகர்களே! ஃபிளெக்ஸ் அடிங்க, ஸ்டேட்டஸ் போடுங்க, எடுத்துக்கோங்க!’

நாள் 4.

ஜனவரி 13, செவ்வாய்

நாள் 1. போன் தானாகத் திறந்துகொண்டது.

ஜனவரி 18, ஞாயிறு

ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!

கடைசி நான்கு நிமிடத்தில் ஒன்பது பாயிண்ட். காளி அக்கா உள்ளே போகும்போதெல்லாம் நான் “வந்தாச்சு காளி!” என்பேன், கூட்டம் “எதிரணி காலி!” என்று திருப்பிக் கத்தும். ஒரு கட்டத்தில் எதிரணியின் கோச்சே வாயசைத்ததைப் பார்த்தேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி இறுதிப்போட்டி. விழாக் குழுத் தலைவர் என் முதுகில் தட்டி, “பைனலுக்கு வெளியூர் மைக்குக்காரன் வேணாம், இந்தப் பயலையே போடுங்கப்பா” என்றார்.

இறங்கி வந்ததும் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “தொண்டைய நனைச்சுக்க. ஆட்டம் எங்களுது, சத்தம் உன்னுது. ரெண்டுல ஒண்ணு செத்தாலும் தோத்துருவோம்.”

நாள் 6.

ஜனவரி 20, செவ்வாய்

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ். பன்னிரண்டு முகங்கள், நடுவில் பிளாஸ்திரியோடு காளி அக்கா. கீழே மூலையில் சின்னதாக ‘குரல்: ஜெகா’. அதைப் பார்க்க மூன்று தடவை டீ குடிக்கப் போனேன். நாள் 8!!

ஜனவரி 24, சனி

இன்று எழுதவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

முகம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். கசந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் யாருமில்லை. போனேன். உள்ளூர்ப் பெயர்கள் போட்ட ஒரு பகுதி அந்தத் தளத்தில் உண்டு. அங்கே ஒரு வீடியோவின் முகப்பில் காளி அக்கா இருந்தார்.

முதலில் நம்பினேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் நம்பினேன். நான்கு விநாடி. அப்புறம்தான் பார்த்தேன், இடது புருவத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி. முகம் திரும்பும்போதெல்லாம் அது மங்கி மங்கித் தெரிந்தது. யாரோ வேறு ஒரு பெண்ணின்மேல் அக்காவின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பிளாஸ்திரி அக்கா முகத்தில் இருந்தது ஒரே வாரம். அந்த வாரத்தில் அக்காவை நேராக, இடமாக, வலமாகப் படம் எடுத்தது ஒரே ஒருவன்.

ஃபோல்டரை மூடிவிட்டேன். பதினாறு நாள் ஊருக்கே திறந்து கிடந்தபின்.

வகுப்புத் தோழன் ரஃபீக்கிடம் மட்டும் சொன்னேன்.

“நீ எப்படிடா பாத்த?”

“யாரோ அனுப்புனாய்ங்க.”

“யாரு?”

“நம்பர் தெரியலடா.”

“அப்ப நம்பரைக் காட்டு.”

காட்ட ஒன்றுமில்லை. ரஃபீக் என்னையே பார்த்தான். பிறகு, “எண்ணூறு பேரு பாத்திருக்காய்ங்கன்னு சொல்ற. அதுல ஒருத்தன் அவுக வீட்டுல காட்டுறதுக்குள்ள சொல்லிரு. அவுக அண்ணன் ஏற்கெனவே ‘கபடி போதும், மாப்பிள்ளை பாக்கணும்’னு குதிக்கிறாரு. இது கெடைச்சா அக்கா பைனல் இல்ல, வாசப்படி தாண்ட மாட்டாக” என்றான்.

பைனலுக்கு ஆறு நாள் இருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பயிற்சி முடிந்து அக்கா மைதான ஓரத்தில் கணுக்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று ஜோக் சொன்னேன். மூன்றாவதுக்குச் சிரிக்காமல், “எதையோ முழுங்கிட்டு உக்காந்திருக்க. துப்பு” என்றார்.

துப்பினேன். கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“எங்க பாத்த?”

“ஒரு சைட்டுல.”

“உனக்கு அனுப்புனாய்ங்களா?”

ரஃபீக்கிடம் சொன்ன பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

“இல்லக்கா. நானே போயிப் பாத்தேன். எப்பவும் போவேன்.”

அக்கா அடிக்கவில்லை, கத்தவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். அடித்திருக்கலாம்.

அதன் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, “அந்தப் போட்டோ யாருகிட்ட இருக்கு?” என்றார்.

“என்கிட்ட. அதாவது, எல்லார்கிட்டயும். லிங்க்கைத் திறந்து வச்சிருந்தேன்.”

“முகம் தெளிவா இருக்கணும்னு சொன்னியே.”

“ஆமாக்கா.”

“தெளிவாத்தான் இருந்திருக்கு.”

எழுந்தார். நானும் எழுந்தேன். “நாளைக்கு எங்க அண்ணன்கிட்ட நானே சொல்றேன். வெளியில இருந்து வர்றதுக்கு முன்னாடி என் வாயில இருந்து போகணும். நீயும் வர்ற.”

“நானா? எதுக்குக்கா?”

“பொய்னு நான் சொன்னா யாரு நம்புவா? பாத்தவன் சொல்லணும்.”

அம்மா இரவுச் சாப்பாட்டில் மீன் வைத்தாள். கடைசிச் சாப்பாடு என்று நினைத்து இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றேன்.

ஜனவரி 28, புதன்

உயிரோடு இருக்கிறேன்! அதற்கே ஒரு ஃபிளெக்ஸ் அடிக்கலாம்.

அக்காவின் அண்ணன் மாரிச்சாமி, எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். வீட்டு முன்னறைதான் கடை. அவர் கை என் தொடை அகலம். அக்காவின் அம்மா வெங்காய மண்டி வேலைக்குப் போயிருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், ஒரு வார்த்தை திக்காமல். அண்ணன் செம்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது, கழுத்து சிவந்தது.

“கபடி கபடின்னு ட்ரவுசரு போட்டு ஊரு ஊரா ஆடப் போனில்ல? அப்பவே சொன்னேன். இன்னையோட…”

“ஆடுனதால வரலண்ணே. போட்டோ எடுத்ததால வந்துச்சு. உன் கல்யாண போட்டோவ எடுத்துக்கூட மதனி முகத்தை ஒட்டலாம்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியா?”

“பாத்தேண்ணே. அக்கா இல்லண்ணே. பிளாஸ்திரி மங்குதுண்ணே. சத்தியமா ஒட்டுன முகம்.”

“எந்த சைட்டுலடா?”

பெயரைச் சொன்னேன்.

“அதுலயா? அதுதான் என் போன்ல ரெண்டு மாசமா தொறக்கவே மாட்டேங்குதே…”

கம்பி அவர் கையிலிருந்து கீழே விழுந்து சுருண்டது.  நான் குனிந்து அதைச் சுற்ற ஆரம்பித்தேன்.

அக்கா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடமிருந்து பையை நகர்த்தியபோது இருந்த அதே முகம்.

“ஞாயித்துக்கெழமை பைனலு. நான் போறேன். நாளான்னைக்கு போலீஸ் ஸ்டேசன். அங்கயும் போறேன். இந்த வீட்டுல யாரும் என்னைய நிறுத்தக் கூடாது.”

“வண்டியில நான் கொண்டுபோயி விடுறேன்மா,” என்றார் அண்ணன். அவ்வளவு மெல்லிய குரல் அந்த உடம்புக்குள் இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

“பஸ்ஸு இருக்கு.”

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் விட்டது. அண்ணனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை? அந்தத் தளத்துக்குப் போகிறவர்களில் நாங்கள் இரண்டு பேர். மீதிப் பேர் யார் யார் வீட்டில் உட்கார்ந்து தங்கச்சிகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ.

ஜனவரி 30, வெள்ளி

திண்டுக்கல், சைபர் கிரைம் பிரிவு. சப்-இன்ஸ்பெக்டர் மேடத்துக்கு ஜலதோஷம். கர்சீப்பும் கையுமாக எங்களை உட்கார வைத்தார். அண்ணன் வேறு பஸ்ஸில் வந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அக்கா கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

லிங்க், என் போனில் இருந்த மூலப் போட்டோக்கள், எடுத்த தேதி எல்லாம் கொடுத்தேன். சாட்சி வாக்குமூலத்தை என் கைப்பட எழுதச் சொன்னார். எதற்காக அந்தத் தளத்துக்குப் போனேன் என்றும் எழுத வேண்டுமாம்.

“மேடம், இது எதுக்குன்னா…”

“எழுதுப்பா. எல்லாரும் விளம்பரம் தானா வந்துச்சுன்னுதான் எழுதுவாங்க. நீயும் எழுது.”

‘நானாகத்தான் சென்றேன். இரண்டு வருடமாகச் செல்கிறேன்’ என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தும்மினார்.

பிறகு அக்காவின் புகாரைத் தட்டச்சு செய்தார். பாதிக்கப்பட்டவர்: காளீஸ்வரி, வயது 20. அடுத்த வரிக்குப் போகும்போது அக்கா, “மேடம், பாதிக்கப்பட்டவங்க ரெண்டு பேரு” என்றார்.

“இன்னொருத்தர் யாரு? உங்க டீமா?”

“முகம் என்னுது. உடம்பு என்னுது இல்ல. அது யாரோ ஒருத்தியோடது. அவளைக் கேட்டா என் முகத்தை ஒட்டுனாய்ங்க? அவ முகத்தை அறுத்து எங்க போட்டாய்ங்க?”

மேடம் தட்டச்சை விட்டுத் திரும்பினார்.

“அவங்க அதுல நடிச்சவங்களா இருக்கலாம்மா.”

“இருக்கலாம். கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்.”

மேடம் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், யாருக்கு என்று இல்லாமல். “விளம்பரப் படம்னு கூப்பிட்டு ரூமைப் பூட்டுனது உண்டு. காதலிச்சவனே வித்தது உண்டு. சம்மதிச்சு ஒருநாள் நடிச்சிட்டு, அப்புறம் எடுத்துருங்கன்னு வருசக்கணக்கா கெஞ்சுறவங்களும் உண்டு. ஒரு எடத்துல எடுத்தா பத்து எடத்துல மொளைக்கும். பாக்குறவனுக்கு எது எதுன்னு தெரியாது.”

இரண்டு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன் என்று மனசு எண்ண ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் பட்டப்பெயர் வைக்கிற எனக்கு அதில் ஒருத்தியின் பெயர்கூடத் தெரியாது. எது எதுவென்றும் தெரியாது.  வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். மாரிச்சாமி அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். 

திரும்பி வந்தபோது திரையில் இரண்டாவது வரி ஏறியிருந்தது: ‘2. அடையாளம் தெரியாத பெண்.’

பிப்ரவரி 1, ஞாயிறு

தொண்டை போய்விட்டது. கை இருக்கிறது, எழுதுகிறேன்!

மூன்று மணி ஆட்டம், இரண்டு மணிக்கே கேலரி நிரம்பிவிட்டது. இடது மூலையில் ஒரு இருபது பயல்கள். அக்கா மைதானத்துக்குள் நுழைந்ததும் போன்களைத் தூக்கிக்கொண்டு விசில், சிரிப்பு. ஒருவன், “காளி, இன்னொரு ஆட்டம் உண்டா?” என்று கத்தினான். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. மீதிப் பாதிக்குப் புரிந்தது தெரிந்தது.

என் கையில் மைக். அவன் ஜென்மத்துக்கும் எழுந்திருக்க முடியாத மாதிரி ஏழு வசனம் வாய்க்குள் வரிசையில் நின்றது. அக்கா தூரத்திலிருந்தே தலையை ஆட்டினார். வேண்டாம்.

ஆட்டம் சரியில்லை. அக்கா இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார், ஒரு தடவை பிடிபட்டார். பாதி நேரத்தில் பதினொன்றுக்குப் பதினெட்டு. பின்தங்கிவிட்டோம். மூலையில் மறுபடி போன்கள்.

இடைவேளையில் அக்கா நேராக என் மேசைக்கு வந்தார். “குடு.”

கொடுத்தேன். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் கீய்ய் என்று கத்தியது. கூட்டம் காதைப் பொத்தியது. அக்கா கொஞ்சம் தள்ளிப் பிடித்தார்.

“என் பேரு காளீஸ்வரி. உங்க போன்ல இருக்கிறது நான் இல்ல. என் முகத்தைத் திருடி ஒட்டியிருக்காய்ங்க. வெள்ளிக்கெழமை கேஸ் குடுத்தாச்சு. யாரு யாரு வச்சிருக்கீங்க, அனுப்புறீங்கன்னு போலீஸு எடுத்துக்கிட்டு இருக்கு. என்னைய பாக்கணும்னா இந்தா, இங்க ஆடுறேன். டிக்கெட்டு கெடையாது. பாருங்க.”

மைக்கை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூலையில் போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. எங்கள் கல்லூரிப் பெண்கள்தான் முதலில் கை தட்டினார்கள். பிறகு, சத்தியமாக, எதிரணியின் கேப்டன் தட்டினாள். பிறகு மைதானமே தட்டியது!

அப்புறம் நடந்ததை எப்படி எழுத? பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்து மூன்று! கடைசி ரைடுக்கு முன் இருபத்தேழுக்கு இருபத்தெட்டு. அக்கா பாடிப் போனார். ஆறு பேர் கை கோத்து வளைத்தார்கள். போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தார், ஒன்று. திரும்பும்போது ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பை. மூவரும் ஒன்றாக விழுந்தார்கள். அக்கா தரையில் மல்லாந்து, ஒரு கையை மட்டும் நீட்டி, நீட்டி, இன்னும் நீட்டி, நடுக்கோட்டில் நடுவிரல் நுனி!

பிடித்த இரண்டு பேரும் அவுட், முப்பதுக்கு இருபத்தெட்டு!

கடைசி ரைடுக்கு நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ரஃபீக் பதிவு செய்திருக்கிறான். எதுகை இல்லை, பட்டப்பெயர் இல்லை. “காளீஸ்வரி! காளீஸ்வரி! காளீஸ்வரி!” என்று தொண்டை கிழியும்வரை வெறும் பெயர்.

கோப்பையோடு போகும்போது அக்கா என்னைப் பார்த்து நிற்கவில்லை. ஆனால் போகிற போக்கில், “சத்தம் சாகல” என்றார். போதும்.

பிப்ரவரி 2, திங்கள்

குரல் சுத்தமாக இல்லை. வரலாற்று சார் வகுப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக் கொண்டாடினார்.

காலையில் விழித்ததும் கை போனுக்குப் போனது. அந்தத் தளம்வரை போகவில்லை. போகத் தோன்றவே இல்லை என்று எழுதினால் பொய். தோன்றியது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மாவு அரைக்கப் போனேன். அம்மா, “உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மத்தியானம் மேடம் கூப்பிட்டதாக அக்கா சொல்ல, மறுபடி திண்டுக்கல். முதல் லிங்க் எடுக்கப்பட்டுவிட்டது! வேறு இரண்டு இடத்தில் முளைத்திருக்கிறது, அதற்கும் எழுதிவிட்டார்களாம். ஃபோல்டரிலிருந்து எடுத்தவனை இன்னும் தேடுகிறார்கள்.

“இன்னொண்ணு,” என்றார் மேடம். “அதே வீடியோவுல வேற மூணு பொண்ணுங்க முகத்தையும் ஒட்டியிருக்காங்க. மூணு ஊர்ல மூணு புகார் இருக்கு.”

“அந்தப் புகாருங்கள்ல அவ இருக்காளா?”

“யாரு?”

“உடம்புக்காரி.”

“இல்லம்மா. உங்க புகார்ல மட்டும்தான் இருக்காங்க. பேர் தெரியாத ஆளை வச்சிருந்தா வழக்கு இழுக்கும், எடுத்துட்டு ஒரு ஆளா திருத்திக் குடுங்கன்னு மேல சொல்றாங்க. திருத்துனா உங்க கேஸ் சீக்கிரம் நகரும். நீங்களும் சாட்சியும் கையெழுத்துப் போட்டாப் போதும்.”

திருத்திய தாள் மேசையில் இருந்தது. ஒரே ஒரு பெயர். பக்கத்தில் பேனா.

அக்கா தாளைப் படித்தார். தொடவில்லை. “இழுத்தா இழுக்கட்டும் மேடம். நாலு பேரோட முகத்துக்குக் கீழ அவ ஒருத்திதான் கெடக்கா. இங்கயும் இல்லைன்னா எங்கயும் இல்ல.”

மேடம் என்னைப் பார்த்தார். “நீ என்னப்பா சொல்ற?”

சொல்லக் குரல் இல்லை. பேனாவை எடுத்து, மூடி போட்டு, என் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

மேடம் கையை நீட்டினார். “அது என் பேனா.”

திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, தாளை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.